பார்லி வாசலிலை கிடந்த நாட்கள்

கோயிலிலை கண்ட சனமெல்லாம் என்னைக் கேக்கினம், கனடா எப்பிடி, சரியான குளிரோ, தங்கச்சி வீட்டுக்காரர் சுகமோ எண்டு. நான் கனடாவுக்குப் போகேல்லை. ரொறன்ரோவிலை எனக்கு ஒரு ஒண்டுவிட்ட தங்கச்சி இருக்கிறது உண்மைதான், ஆனால் அவள் என்னோடை கதைச்சுப் பத்து வருசமாகுது. போன வருசம் முக்காவாசியும் நான் இஞ்ச நோர்பரியிலை என்ரை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலைதான் அலைஞ்சனான். எனக்கு வந்தது புற்றுநோய். இப்ப சுகம். கொட்டின தலைமயிரும் திரும்ப வளந்திட்டுது, அதுவும் முந்தி இல்லாத சுருட்டையோடை. இனியும் கனடாக் கதை சொல்லிக்கொண்டு திரிய எனக்கு ஏலாது. உங்களிலை ஆருக்காவது இந்த வருத்தம் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனிய இருக்கிறியள் எண்டால், நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ.

என்ரை பேர் சறோ. பல் டொக்டர் ஒருத்தரிட்டை வரவேற்பு மேசையிலை கன வருசம் இருந்திட்டு ஓய்வு எடுத்தனான். என்ரை மனுசன் காலமாகீட்டார். பிள்ளையள் இல்லை. ஒருநாள் காலமை சங்கிலிக் கொளுக்கியைப் பூட்டேக்கை கழுத்தடியிலை விரலிலை ஏதோ தட்டுப்பட்டுது. நோகேல்லை. அமத்தினால் றப்பர் மாதிரி நழுவிச்சுது. நொந்தால் உடனை போயிருப்பன், நோகாத சாமானுக்கு ஏன் டொக்டரைக் கரைச்சல் படுத்துவான் எண்டு ஒரு மாதம் விட்டிட்டன். உந்தப் புத்தி உங்களுக்கு வேண்டாம். நோகாத கட்டியைத்தான் முதல் காட்டவேணும்.

பிறகு தொடங்கிச்சுது பரிசோதனை. முதல் கழுத்திலை ஜெல் பூசி ஸ்கான். பேந்து பயொப்சி. பயொப்சி எண்டால் பயப்பிட ஒண்டுமில்லை, கட்டி இருக்கிற இடத்தை விறைக்கப் பண்ணிப்போட்டு ஊசியாலை ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கிறது. அதுக்குப் பிறகு இன்னொரு ஸ்கான். அதிலை கதிர்வீச்சு கலந்த சீனித்தண்ணியை நரம்புக்குள்ளை ஏத்தி, ஒரு மணித்தியாலம் அசையாமல் படுக்க விடுவினம். புற்றுநோய்க் கலங்கள் சீனிக்கு ஆலாப்பறக்கிற சாதி. அள்ளிக் குடிச்சிட்டு, படத்திலை விளக்குக் கொளுத்தின மாதிரித் தெரியும். காத்திருக்கிற அறையளிலை எல்லாரும் சோடி சோடியா இருப்பினம். எனக்குப் பக்கத்துக் கதிரையிலை என்ரை கைப்பை இருக்கும்.

முடிவு சொன்ன அறைக்குள்ளை மேசையிலை கண் துடைக்கிற ரிசுப் பெட்டி ஒண்டு இருந்தது. முந்தின அறை ஒண்டிலையும் அது இல்லை. கண்டவுடனை எனக்கு விளங்கிட்டுது. டொக்டர் சின்னப் பெட்டை, வடிவா ஆறுதலாச் சொன்னா. உடம்பு முழுக்க அவரைக்கொட்டை அளவிலை சின்னச் சின்னக் கணுக்கள் இருக்காம், கிருமி வந்தால் மறிச்சுப் பிடிக்கிற காவலரண் மாதிரி. அந்தக் காவல்காரரிலை ஒருத்தனுக்கு விசர் பிடிச்சு, கண்மண் தெரியாமல் பெருகத் தொடங்கிறதுதான் லிம்போமா. மருந்துக்கு மடங்கிற வகைதான், ஆனால் மடங்குமோ எண்டது பாதி வழி போய் ஸ்கான் எடுத்தால்தான் தெரியும் எண்டா. "உங்களோடை ஆராவது வந்திருக்கினமோ?" எண்டு கேட்டா. "ஓம், வெளியிலை நிக்கினம்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தன். வெளியிலை ஒருத்தரும் இல்லை.

பஸ்ஸிலை இருந்துகொண்டு ராணி மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தன். என்ரை மனுசன்ரை தங்கச்சி. மனோர் பார்க் எண்ட ஊரிலை இருக்கிறா. அவ முதல் அழுதா, குளறி அழுதா. மூக்கைச் சீறிப்போட்டு ரண்டாவதாச் சொன்னது இது:

"மச்சாள், ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதேங்கோ. உமாவுக்குக் கலியாணப் பேச்சு நடக்குது. குடும்பத்திலை இப்பிடி எண்டால் மாப்பிள்ளை பகுதி பின்வாங்கிப்போடுவினம்."

"உமா உங்கடை மகள். நான் கலியாணம் கட்டி வந்தவள். என்ரை ரத்தம் உங்கடை வீட்டிலை ஒரு சொட்டும் இல்லையே!"

"அது எனக்கும் உங்களுக்கும் விளங்கும். சனத்துக்கு விளங்குமோ?"

அண்டு பின்னேரமே நான் கனடாவுக்குப் போட்டன். கோயிலிலை, கடையிலை, கலியாண வீட்டிலை எல்லாம் மச்சாள் அப்பிடித்தான் பரப்பிப்போட்டா. அவவிலை பிழை சொல்லேலாது, நானும் ஓமெண்டுதானே விட்டனான். ஒருத்தரும் வந்து பாக்கேல்லை எண்டு ஆரைக் குறை சொல்லுறது? அவையைப் பொறுத்தவரைக்கும் நான் ரொறன்ரோவிலை இருந்து இடியப்பம் சாப்பிடுறன்.

இனிப் பார்லியைப் பற்றிச் சொல்லவேணும். பார்லி என்ரை நாய் இல்லை. கை கால் ஏலாத ஆக்களுக்கு உதவி செய்ய நாய் பழக்கிற ஒரு தர்ம நிறுவனம் இருக்கு. அவை குட்டியை எங்களைப் போல ஆக்களிட்டைத் தருவினம். ஒரு வருசத்துக்கு மேலை நாங்கள் வீட்டிலை வைச்சு அடிப்படைப் பழக்கம் பழக்கிக் குடுக்கவேணும். பஸ்ஸிலை சீற்றுக்குக் கீழை சுருண்டு கிடக்கிறது, லிப்றுக்குப் பயப்பிடாதது, நிலத்திலை கோழிக்கால் கிடந்தாலும் மூக்கை நீட்டாதது, சொன்ன இடத்திலை ஒண்டுக்கிருக்கிறது. அதுக்குப் பிறகு அவை கொண்டுபோய்ப் பெரிய பயிற்சி குடுப்பினம். கதவைக் கயிறு இழுத்துத் திறக்க, சொக்ஸ் கழட்ட, விழுந்ததை எடுத்துக் கையிலை குடுக்க. எல்லாம் பாஸ் பண்ணினால், வீல்செயரிலை இருக்கிற ஒருத்தருக்குத் துணையாப் போகும். நாங்கள் வளக்கிறது குடுக்கிறதுக்கு. முதல் நாளே அதைச் சொல்லித்தான் தருவினம். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி, ஓம் ஓம், எனக்கு விளங்குது எண்டு தலையாட்டினனான்.

வந்தது வெளிறின மண்ணிறத்திலை ஒரு லப்றடோர்க் குட்டி. பேர் அவையே வைச்சது. மச்சாள் கேட்டிட்டு, "வருத்தக்காரருக்குக் காய்ச்சிக் குடுக்கிற தண்ணியின்ரை பேரோ வைச்சிருக்கினம்?" எண்டு சிரிச்சா. நாய் எண்டால் அவவுக்குச் சரியான பயம், ஆனால் வைரவற்றை வாகனம் எண்டபடியாலை தூர நிண்டு ஒரு கும்பிடு போடுவா. நோர்பரியிலை கடைக்குக் கொண்டுபோனால், "அக்கா, நாயை வெளியிலை கட்டிப்போட்டு வாங்கோ" எண்டுவான் கடைக்காரத் தம்பி. "தம்பி, இவர் விளையாட வரேல்லை, வேலைக்கு வந்தவர், சட்டையைப் பாரும்" எண்டுவன் நான். ஊதாச் சட்டை போட்டால் அவன் வேலையிலை நிக்கிறான் எண்டு அர்த்தம், ஆரும் தடவக்கூடாது. ஒருநாள் ஆட்டிறைச்சிப் பெட்டி நிலத்திலை இருக்க, இவர் பெரிய அதிகாரி மாதிரித் தலையை நிமித்திக்கொண்டு கடந்து போனார். அண்டைக்குத்தான் அந்தத் தம்பி வாயை மூடினவன்.

நாய் கழுத்தை மணந்து மணந்து கான்சரைக் கண்டுபிடிச்சுது எண்டு பேப்பரிலை கதை வரும். இஞ்ச அப்பிடி ஒரு புதுமையும் நடக்கேல்லை. அவன் என்ரை கழுத்தை மணந்தது சட்டையிலை கறி பட்டிருந்தால் மட்டும்தான்.

கீமோ தொடங்கினால் என்னாலை அவனை ஒவ்வொரு நாளும் வெளியிலை கொண்டு திரிய ஏலாது. வீட்டிலை கிடந்தால் பழக்கம் கெட்டிடும். அதாலை அந்த நிறுவனத்துப் பயிற்சியாளர் ஹெலன், தான் கொஞ்ச நாள் வீட்டிலை வைச்சுப் பாத்திட்டுப் பெரிய பயிற்சிக்கு அனுப்புறன் எண்டா. அவ வெள்ளைக்காரப் பொம்பிளை, என்ரை வயசு, கதை குறைவு. இங்கிலிசிலை அவ கதைச்சதை நான் தமிழிலை எழுதுறன். அவன்ரை போர்வையையும் சாப்பாட்டுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு நானே கொண்டுபோய் விட்டன். வாசலிலை நிண்டு, வழக்கமா அவனுக்குச் சொல்லுறதைச் சொல்லி, தலையைத் தடவிப்போட்டு வந்தன். வீட்டை வந்து கதவைத் திறக்க, ஒரு நகச் சத்தமும் இல்லை. நான் அப்பிடியே படியிலை இருந்திட்டன். கான்சர் எண்டு சொன்ன நாளும் நான் அப்பிடி அழேல்லை.

கீமோவைப் பற்றிக் கனபேர் பயப்பிடுத்துவினம். ஏத்தேக்கை ஒண்டும் தெரியாது. கையிலை ஒரு மெல்லிய குழாய் வைப்பினம், அது உள்ளாலை நெஞ்சடி வரைக்கும் போகும். அதுக்குள்ளாலை மருந்து. ஒரு மருந்து சர்பத் மாதிரிச் சிவப்பு. கஷ்டமெல்லாம் வீட்டை வந்த பிறகுதான். வாய்க்குள்ளை புண், தண்ணி குடிச்சாலும் செம்புக்காசு ருசி. ரண்டாவது தரம் ஏத்தின கையோடை தலைமயிர் பிடி பிடியா வந்திட்டுது. கண்ணாடியிலை பாத்தால் என்ரை அப்பா நிக்கிறார்.

அந்த ரண்டாவது தரத்துக்குப் பிறகு காய்ச்சல் பிடிச்சுது. காய்ச்சல் வந்தால் காத்திராதேங்கோ, உடனை வாங்கோ எண்டு முதலே சொல்லியிருந்தவை. கீமோ புற்றுநோய்க் கலத்தை மட்டும் கொல்லாது, கிருமியோடை சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்களையும் சேத்து அடிச்சுப்போடும். அது குறைஞ்ச நேரம் சின்னச் சளித் தடிமன்கூட ஆளை முடிச்சுப்போடும். அதாலை என்னைத் தனி அறையிலை போட்டினம். கதவு ரண்டு, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. பூ கொண்டுவரக்கூடாது. வாறவை முகமூடி, கையுறை, ஏப்பிரன். அறைக்குள்ளை முகம் முழுசாத் தெரிஞ்ச ஒரு மனிசரை நான் கிழமைக்கணக்கிலை காணேல்லை. கண்ணும் நெத்தியும் மட்டும்தான். நேர்ஸ்மார் நல்ல பிள்ளையள், ஆனால் அவைக்கு ஓட்டம். ஊசி, பிரசர், காய்ச்சல் பாக்கிறது, "ஓகேயா சறோ?" அவ்வளவுதான். ராவிலை நித்திரை வராது, மருந்து ஏத்திற மெஷின் இடைக்கிடை கீச்சிடும். அதுவும் இல்லாட்டில் உலகத்திலை நான் ஒருத்திதான் மிச்சம் எண்டு நினைச்சிருப்பன்.

மச்சாள் கிழமையிலை ரண்டு தரம் வருவா. மனோர் பார்க்கிலையிருந்து ரெயில் மாறி, பஸ் மாறி, பிளாஸ்க்கிலை மிளகு ரசத்தோடை. வீட்டுச் சாப்பாடு உள்ளுக்கு விடமாட்டினம். முதல் நாள் நேர்ஸ் மறிக்க, மச்சாள் திகைச்சுப்போய் நிண்டா. பிறகு என்ரை அறைக் கண்ணாடி யன்னலுக்கு வெளியிலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, பிளாஸ்க்கைத் திறந்து, ரெலிபோனிலை எனக்குச் சொன்னா: "அப்ப நான் குடிக்கிறன், நீங்கள் பாருங்கோ." குடிச்சா. "இண்டைக்கு உள்ளி கொஞ்சம் கூடீட்டுது" எண்டா. நான் இந்தப் பக்கத்திலை இருந்து எச்சில் விழுங்கினன். கண்டபடி சிரிப்பும் வந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் அதுதான் நடந்தது. இந்த மனிசி என்னைக் கனடாவுக்கு அனுப்பினது எல்லாத்தையும் நான் அந்த ரசத்துக்கு மன்னிச்சுப்போட்டன்.

அப்பிடி ஒரு கிழமையிலைதான் ஹெலன் ரெலிபோன் எடுத்தா.

"சறோ, வருத்தக்கார ஆளைக் கரைச்சல் படுத்தக்கூடாது எண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லை. பார்லி வேலை செய்யிறான் இல்லை. வாசல் கதவடியிலை படுத்திருக்கிறான். சாப்பாடு அரைவாசி. வெளியிலை கூட்டிக்கொண்டு போனால் வாறான், திரும்பி வந்தவுடனை பிறகும் கதவடி. சட்டையைப் போட்டால் அப்பிடியே படுத்திடுறான். இப்பிடியே போனால் இவனைப் பயிற்சியிலையிருந்து விலத்தவேண்டி வரும்."

"விலத்தினால் ஆரிட்டைப் போவான்?"

"வளத்த ஆளைத்தான் முதல் கேப்பம். உங்களை."

அவ இன்னொண்டும் சொன்னா. இவனைப் போலச் சாதுவான ஒருத்தனுக்காக ஒரு பொம்பிளை கன நாளாக் காத்திருக்கிறாவாம். ரண்டு சின்னப் பிள்ளையள். நரம்பு வருத்தம், வீல்செயர். கையிலை இருக்கிறது விழுந்தால், பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வரும் வரைக்கும் அது நிலத்திலைதானாம். நான் அதைக் கேட்டன், ஆனால் காதிலை ஏறேல்லை. என்ரை காதிலை ஏறினது ஒரு சொல்லுத்தான், "உங்களை." ரெலிபோனை வைச்சிட்டுச் சிரிச்சன். மொட்டைத் தலையோடை தனிய இருந்து சிரிச்சன். அவன் வீட்டை வரப்போறான்!

அடுத்த முறை மச்சாள் வந்து, ரசத்தைக் குடிச்சு முடிச்சு, பிளாஸ்க்கை மூடிக்கொண்டு எழும்பி, கண்ணாடியிலை கையை வைச்சு, "சரி மச்சாள், போட்டு வாறன்" எண்டா. அப்பத்தான் எனக்கு உறைச்சது.

எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை "போறன்" எண்டு சொல்லுறேல்லை. குப்பை போடப் போனாலும் போட்டு வாறன்தான், போய்த் திரும்பி வருவன் எண்டு. திரும்பி வராத ஆக்களுக்குத்தான் மற்றச் சொல்லு. சின்னனிலை தப்பித் தவறி வாயிலை வந்தால் அடி விழும். என்ரை மனுசன் இருக்கேக்கை அவருக்குச் சொன்னனான், அவர் போன பிறகு அவற்றை படத்துக்குச் சொன்னனான், பார்லி வந்த பிறகு பார்லிக்குச் சொன்னனான். வகுப்பிலை சொல்லித் தந்த இங்கிலிஸ் கட்டளை வேறை. இது நான் பழக்கினதில்லை, அவன் தானாப் பிடிச்சது. நான் போட்டு வாறன் எண்டால் அவன் வாசல் கால்மிதியிலை படுத்திடுவான். கடைக்குப் போய் வந்து, "வந்திட்டன்" எண்டு தலையிலை கை வைக்கும் வரைக்கும் அசையமாட்டான். ஹெலன் வீட்டு வாசலிலை நிண்டு நான் அவனுக்குச் சொன்னதும் அதுதான். போட்டு வாறன் எண்டு சொன்னன். வரேல்லை.

ஹெலன் வகுப்பிலை திருப்பித் திருப்பிச் சொல்லுற ஒரு விதி இருக்கு. நாயை ஒரு இடத்திலை இருத்தினால், இருத்தின ஆள்தான் திரும்பிப் போய் எழுப்பவேணும். வேறை ஆளை விட்டு எழுப்பிறேல்லை, மறந்துபோய் விட்டிட்டுப் போறேல்லை. அந்த விதியை வடிவாப் பழக்கினது நான்தான். அவன் தன்ரை வேலையைத்தான் செய்துகொண்டு கிடக்கிறான்.

இதை நான் ஹெலனுக்குச் சொன்னால், அவன் எழும்பிடுவான். சொல்லாமல் விட்டால், என்னட்டை வருவான். அண்டைக்கும் சொல்லேல்லை, அடுத்த நாளும் சொல்லேல்லை. மச்சாளுக்குச் சொன்னன். "பேசாமல் இருங்கோ மச்சாள்" எண்டா. "உங்களுக்கும் வீட்டிலை ஆர் இருக்கினம்? நாயெண்டாலும் ஒரு சீவன். வைரவரே பாத்து அனுப்பிறார் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ." நாயைக் கண்டால் சுவரோடை ஒட்டுற மனிசி சொல்லுறா. அதைக் கேக்க எனக்கு எவ்வளவு இனிப்பா இருந்தது தெரியுமோ?

பிறகொரு மத்தியானம். நேர்ஸைக் கூப்பிடுற பொத்தான் ஒரு வயரிலை தொங்கும். அது கட்டிலாலை நழுவி நிலத்திலை விழுந்திட்டுது. ரெலிபோன் எட்டாத மேசையிலை. ரத்தத்தை உறையப் பண்ணிற அணுக்களும் குறைஞ்சிருந்தபடியாலை, விழுந்தால் உள்ளுக்குள்ளை ரத்தம் பெருகும், தனிய இறங்கவே கூடாது எண்டு கண்டிப்பாச் சொல்லியிருந்தவை. தலையும் சுத்திச்சுது. எனக்கு ஒண்டுக்கு வந்தது. கூப்பிட்டுப் பாத்தன். ரண்டு கதவுக்கு அங்காலை ஆருக்குக் கேக்கும்? பொத்தான் கண்ணுக்கு முன்னாலை கிடக்குது, ஒரு முழம்தான். கையை நீட்டி நீட்டிப் பாத்தன். அடக்கி அடக்கிப் பாத்தன். ஏலாமல் போச்சு. கட்டில் நனைஞ்சிட்டுது. அறுபது வயசிலை, ஈரத்துக்குள்ளை, அந்தப் பொத்தானைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தன். எவ்வளவு நேரம் எண்டு எனக்குத் தெரியாது. துப்பரவு செய்யிற பிள்ளை வந்து குனிஞ்சு எடுத்துத் தந்தா. எடுத்துத் தர அவவுக்கு ஒரு நொடியும் செல்லேல்லை.

அந்த ரண்டு பிள்ளையளின்ரை தாய்க்கு இது ஒவ்வொரு நாளும். நான் ஒரு வருசமா நாய் பழக்கினனான், வீடு வீடாப் பீத்தினனான், உதவி நாய் உதவி நாய் எண்டு. அந்த உதவி என்னெண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கிச்சுது. வெக்கமா இருந்தது, ஆத்திரமும் வந்தது. ஆரிலை ஆத்திரம் எண்டு கேளாதேங்கோ. படுக்கை மாத்தி முடிஞ்சவுடனை ஹெலனுக்கு எடுத்துச் சொன்னன்.

அவ முழுக்கக் கேட்டா. பிறகு, "அப்ப நீங்கள்தான் வந்து எழுப்பவேணும்" எண்டா.

"ரெலிபோனிலை சொல்லட்டோ?"

"குரல் மட்டும் வந்தால் அவன் வீடு முழுக்கத் தேடிப்போட்டுப் பிறகும் கதவடியிலைதான் படுப்பான். நீங்கள் வரவேணும்."

வெள்ளை அணு ஏறும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. ஒவ்வொரு காலமையும் ரத்தம் எடுப்பினம். நான் சோதினை முடிவு கேக்கிற பிள்ளை மாதிரி, ஏறீட்டுதோ ஏறீட்டுதோ எண்டு கேப்பன். ஒருவழியா ஏறிச்சுது. டொக்டர் பெட்டை யோசிச்சுப்போட்டு, வெளியிலை, காத்தோட்டமான இடத்திலை, கொஞ்ச நேரம் எண்டா. முகத்தை நக்க விடக்கூடாது, தொட்டவுடனை கை கழுவவேணும். பாதி வழி ஸ்கான் அடுத்த கிழமை எண்டும் சொன்னா. மருந்து பிடிக்குதோ இல்லையோ எண்டு அதிலைதான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலை ஒரு சின்னப் புல்வெளி, இருக்கிறதுக்கு ஒரு வாங்கில். மச்சாள் என்னை வீல்செயரிலை தள்ளிக்கொண்டு வந்தா. ஹெலன் அவனோடை நிக்கிறா. மெலிஞ்சுபோனான். கம்பளித் தொப்பியும் முகமூடியுமா வந்த என்னைப் பாத்திட்டு, ஆரோ எண்டு மற்றப் பக்கம் திரும்பீட்டான். மருந்து மணம் வேறை.

"வந்திட்டன்" எண்டன்.

காது ரண்டும் எழும்பிச்சுது. பிறகு ஆள் முழுக்க ஆடத் தொடங்கீட்டுது, வால் எது உடம்பு எது எண்டு தெரியாமல். ஓடி வந்து என்ரை கைக்குக் கீழை தலையைச் செருகினான். ஒரு சின்னக் குழந்தை முனகிற மாதிரி முனகினான். "வந்திட்டன் ராசா, வந்திட்டன், பிந்தீட்டன்" எண்டு நான் சொல்லிக்கொண்டே இருந்தன். மச்சாள் வாங்கிலிலை காலை மேலை தூக்கி வைச்சுக்கொண்டு அழுதா.

ஹெலன் கொஞ்ச நேரம் விட்டிட்டு, அவனுக்கு ஊதாச் சட்டையைப் போட்டா. அவன் படுக்கேல்லை, நிண்டான். "இனி நீங்கள் போகவேணும், அவன் நிக்கவேணும்" எண்டா ஹெலன். "அண்டைக்குச் சொன்ன சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ. திரும்பி வராத ஆக்கள் என்ன சொல்லுவினமோ, அதைச் சொல்லுங்கோ."

மச்சாளுக்கு இங்கிலிஸ் விளங்கும். துள்ளி எழும்பினா. "மச்சாள், உந்த விசர் வேலை வேண்டாம்! உங்கடை வருத்தத்துக்கு, ஆஸ்பத்திரி வாசலிலை வைச்சு அந்தச் சொல்லு வாயிலை வரக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. அவனும் வீட்டை வரட்டும். வேறை நாய் பிடிச்சுக் குடுப்பினம் அந்தப் பொம்பிளைக்கு."

அவ சொன்னது முழுக்க எனக்கு வேணும் எண்டு இருந்தது. ஒரு சொல்லுத்தான். சொன்னால் அவன் இதிலையே படுத்திடுவான், அடுத்த கிழமை என்ரை வாசல் கால்மிதியிலை கிடப்பான். அடுத்த கிழமை ஸ்கான். எனக்குப் பயமா இருந்தது. நான் படிச்சனான், பல் டொக்டரிட்டை வேலை செய்தனான், சகுனம் பாக்கிறவையைப் பகிடி பண்ணிறனான், எண்டாலும் நாக்கு எழும்பேல்லை. அந்தச் சொல்லை என்ரை சீவியத்திலை நான் சொன்னதில்லை. கையை அவன்ரை தலையிலையிருந்து எடுத்தன். கை எடுபட்டவுடனை, பழகின பழக்கத்திலை, அவன் முன்னங்காலை மடிக்கத் தொடங்கீட்டான்.

"போறன் ராசா" எண்டன்.

"சிவ சிவா!" எண்டு மச்சாள் தன்ரை வாயிலை அடிச்சா.

மடிச்ச கால் அப்பிடியே நிண்டுது. அவன் என்னைப் பாத்தான். இது என்ன புதுச் சொல்லு எண்டு கேக்கிற மாதிரித் தலையைச் சரிச்சுப் பாத்தான். நான் இன்னொருக்காச் சொன்னன், இந்த முறை சத்தமா. "போறன்." கால் நிமிந்திட்டுது. ஹெலன் அவனைக் கூப்பிட்டு நடக்கத் தொடங்கினா, அவன் அவவின்ரை முழங்காலோடை ஒட்டி, தலையை நிமித்திக்கொண்டு நடந்தான். புல்வெளி முடியுது, கார் நிக்கிற இடம் வருது, நான் மனசுக்குள்ளை திரும்பிப் பார், ஒருக்காத் திரும்பிப் பார் எண்டு கெஞ்சுறன். அவன் திரும்பேல்லை. சட்டை போட்டிருக்கேக்கை திரும்பிப் பாக்கக்கூடாது எண்டு நான்தான் அவனுக்குப் பழக்கினனான்.

மச்சாள் அழுது அழுது வீல்செயரைத் திருப்பினா. நான் கை கழுவப் போனன்.